சட்டிபானைக்கும் சட்டம் உண்டு

நம் தமிழ் மக்களின் வீட்டுச் சுவர்களைச் சற்றே நோக்குக. அங்கே இடம் பெற்றிருப்போர் யாவர்? தெய்வங்கள் உண்டு, தலைவர்கள் உண்டு, திரைப்பட நடிகர் உண்டு, மாலை சூடிய மணமக்கள் உண்டு, மறைந்த முன்னோர் உண்டு. இவர்கள் அனைவர்க்கும் மரச்சட்டமும் கண்ணாடியும் தேடிக் கொடுத்திருக்கிறோம். அச்சுவரின் அடியிலேயே, அடுப்படியிலும் தாழ்வாரத்திலும் வேறொரு கூட்டம் இருக்கின்றது. புளி போட்டுத் துலக்கிய பித்தளைச் செம்பு, கரி பிடித்த கஞ்சிச் சட்டி, அடுக்குச் சோற்றுப் பாத்திரம், பாட்டனார் காலத்துக் காண்டாவாளி, பால் வடிந்த கறை மாறாத மங்கு, கல்லில் தீட்டித் தீட்டி விரலளவாய்த் தேய்ந்த பால்வெட்டுக் கத்தி ஆகிய இவற்றுள் ஒன்றற்கேனும் சட்டம் உண்டா? ‘சட்டிபானையை யாரப்பா படமாக எழுதுவார்கள்?’ என்று நம்மவர் நகைப்பர். அந்நகைப்பு அறியாமையின் பாற்பட்டது என்பதும், அது நமக்குக் கேடு விளைத்து வருவது என்பதும் நம் கருத்து. அதனை மறுத்துரைக்கவே இக்கட்டுரை எழுதலானோம்.

மேனாட்டார் தம் எண்ணெய் வண்ண ஓவியத்தில் இதற்கென்றே ஒரு தனித்துறை வகுத்திருக்கின்றனர். மேசைமீது கனியையும் கலத்தையும் வைத்து, அவற்றைப் பார்த்துப் பார்த்து எழுதும் துறை அது. ஆலந்து நாட்டார் அதற்கு ‘அசையா உயிர்’ என்று பொருள்படப் பெயரிட்டனர். ஆங்கிலேயர் அப்பெயரையே தம் மொழியில் ஏற்றுக்கொண்டனர். பிரெஞ்சுக்காரரோ ‘செத்த இயற்கை’ என்றனர். நாம் அதனை அசையாப் பொருள் ஓவியம் என்போம். பெயர் எதுவாயினும், அத்துறைக்கு ஓவியச் சபையார் நெடுங்காலம் கொடுத்த இடம் எது என்பதே ஈண்டுக் கவனிக்கத்தக்கது.

1667ஆம் ஆண்டில் பாரிசு மாநகரின் அரச ஓவியக் கழகத்தில் நிகழ்ந்த சொற்பொழிவுகளுக்கு முன்னுரை வரைந்த ஃபெலிபியன் என்பார், ஓவியங்களை ஏணிப்படிபோல் அடுக்கி வைத்தார். பழங்களையும் பூக்களையும் சிப்பிகளையும் எழுதுவோன் அடிப்படியில் நிற்பான். நிலக்காட்சி எழுதுவோன் அவனுக்கு மேல். உயிருள்ள விலங்குகளை எழுதுவோன் அதற்கும் மேல். மனித உருவை எழுதுவோன் இன்னும் மேல். வரலாறும் புராணமும் எழுதுவோன் எல்லார்க்கும் மேல். இதைப் படிக்கும் தமிழன் ஒருவனுக்கு விளக்கமும் வேண்டுமோ? எழுதும் கை எத்துணைத் தேர்ந்தது என்று பாராமல், எழுதப்படும் பொருள் எக்குலத்தது என்று பார்த்து உயர்வு தாழ்வு கற்பித்த முறை அது. பிறந்த இடம் பார்த்து மனிதனைத் தள்ளிவைத்த முறையை நாம் நன்கு அறிவோம். பிறந்த இடம் பார்த்துப் பானையைத் தள்ளிவைத்ததும் அம்முறையின் தம்பியே என்க.

அவ்வேணி என்னாயிற்று? ஷார்டன் என்னும் தச்சர் மகன் ஒருவர் 1699இல் பாரிசில் பிறந்தார். 1728இல் அதே கழகத்தில் உறுப்பினரானார். விலங்குகளும் பழங்களும் எழுத வல்லவர் என்ற அளவிலேயே, அதாவது ஏணியின் கீழ்ப்படியிலேயே, அவரைச் சேர்த்துக்கொண்டனர். அவர் எழுதியது எதனை? அடுக்களையில் நீர் நிறைத்து வைக்கும் செப்புக் கலத்தை, தோலுரித்துத் தொங்கவிட்ட திருக்கை மீனை, ரொட்டியை, வெங்காயத்தை. அந்தச் செப்புக் கலமும் அந்தத் திருக்கையும் இன்று லூவர் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. மேற்படியில் அமர்ந்து பட்டாடை வீரர்களையும் வெற்றி ஊர்வலங்களையும் எழுதிய அக்காலத்தார் பலர் பெயரை இன்று யார் அறிவார்? செப்புக் கலம் நிலைத்தது, ஏணி விழுந்தது.

இன்னொன்றும் கேளுங்கள். அக்காலத்து மேனாட்டில் ஆடையற்ற மனித உடலைப் பார்த்து வரைந்து பயில்வது ஓவியப் பயிற்சியின் தலையாய பாடம். அப்பாடசாலையின் கதவு பெண்களுக்கு அடைக்கப்பட்டிருந்தது. அடைபடாத கதவு அடுக்களைக் கதவு ஒன்றே. அவ்வழியே வந்து, 1600களின் தொடக்கத்தில் பாலாடைக் கட்டியையும் மீனையும் எழுதிப் புகழ்பெற்றார் கிளாரா பீட்டர்ஸ். ஆம்ஸ்டர்டாமில் பூக்களை எழுதி, 1750இல் தம் எண்பத்தாறாம் வயதில் மறையும்வரை பெரும்பெயரோடு வாழ்ந்தார் ரேச்சல் ரூயிஷ். 1770இல் அசையாப் பொருள் ஓவியங்களைக் காட்டியே பிரெஞ்சுக் கழகத்தில் இடம் பிடித்தார் ஆன் வலாயே கோஸ்டர். தாழ்ந்தது என்று ஒதுக்கப்பட்ட நிலத்திலேதான் ஒதுக்கப்பட்டோர் பயிர் செய்து காட்டினர். வின்சென்ட் வான்கோ 1886இல் தேய்ந்து நெளிந்த ஒரு சோடிப் பாதக்குறடுகளை எழுதினார். நடந்த தூரமும் பட்ட பாடும் அக்குறடுகளின் மடிப்பில் தெரிகின்றன. அவற்றைக் கண்டவர் ஓர் ஏழையின் முகத்தைக் கண்டவரே ஆவர்.

இனி நம் பக்கம் வருவோம். நம் நாட்டில் எண்ணெய் வண்ணத்துக்குப் பெயர் தேடித் தந்தவர் ரவிவர்மா. 1848இல் பிறந்து 1906இல் மறைந்தவர். திருவிதாங்கூர் அரண்மனையில் அத்தொழில் அறிந்திருந்த இராமசாமி நாயக்கர் என்பார் இளைஞராகிய அவருக்கு அதனைக் கற்பிக்க மறுத்தார் என்றும், பின்னர் அங்கு வந்த ஐரோப்பிய ஓவியர் தியோடர் ஜென்சன், தாம் எழுதுவதை அருகிலிருந்து பார்க்க மட்டுமே இசைந்தார் என்றும் அவர் வரலாற்றை எழுதியோர் கூறுவர். 1894இல் ரவிவர்மா பம்பாய்ப் பக்கத்தில் அச்சுக்கூடம் நிறுவித் தெய்வப் படங்களைப் பல்லாயிரமாகப் பரப்பினார். நம் காலண்டர்ப் படங்களுக்கு அவ்வச்சுக்கூடமே பாட்டன் முறை. தெய்வப் படங்களைப் பழிப்பது ஈண்டு நம் நோக்கமன்று, வணங்குவோர் வணங்குக. நாம் சுட்டுவது இரண்டு. எண்ணெய் வண்ணம் நம்மிடை வந்த நாளிலேயே, கற்றவன் கல்லாதவனுக்கு மறைக்கும் வித்தையாக வந்தது என்பது ஒன்று. அது பரவியபோது உயர்ந்தோர் உருவங்களாகவே பரவியது என்பது மற்றொன்று. அவ்விரண்டினாலும், ஓவியம் என்பது பெரியோரைப் பற்றியது, பெரியோரால் செய்யப்படுவது, நாம் காசு கொடுத்து வாங்கி மாட்டுவது என்று நம் மக்கள் முடிவு கட்டிவிட்டனர்.

ஆங்கிலம் கற்ற நம் வகுப்பாரையும் சும்மா விடுவதற்கில்லை. நாமும் அவ்வகுப்பினர், தோட்டக் காரியாலயத்தில் கணக்கெழுதிப் பிழைப்பவர், ஆதலின் அவர்கள் போக்கை அருகிருந்து காண்கிறோம். இவர்களுள் தூரிகை பிடிப்போர் சிலர் உளர். அவர்கள் அசையாப் பொருள் எழுத அமர்ந்தால் மேசைமீது ஏறுவன எவை? சிவந்த ஆப்பிள் மூன்று, திராட்சை மதுக்குப்பி ஒன்று, வெள்ளைத் துணி ஒன்று. செசான் ஆப்பிள் எழுதினாராம். ஆகவே இவர்களும் ஆப்பிள் எழுதுவராம்! செசான் பிறந்த ஏக்ஸ் நகரத்தில் ஆப்பிள் வீட்டுப் பொருள். தம் முன்னிருந்ததை அவர் எழுதினார். அவரைப் பின்பற்றுவதாவது, நம் முன்னிருப்பதை நாம் எழுதுவதேயாம். பொருளை இரவல் வாங்குவது பின்பற்றுதல் ஆகாது.

இதனை உணர்ந்த ஒருவர் நம் அண்டையிலேயே வாழ்ந்தார். ஜார்ஜெட் சென் என்னும் சீனப் பெண்மணி பாரிசில் பயின்றவர். 1930இல் அந்நகரின் இலையுதிர்காலக் கண்காட்சியில் இடம் பெற்றவர். 1950களில் மலாயாவுக்கு வந்து, சிங்கப்பூரில் நிலைத்து, 1938இல் தோன்றிய நன்யாங் கலைக்கழகத்தில் 1954 முதல் 1980 வரை ஆசிரியராயிருந்தார். பாரிசின் தேர்ச்சி முழுவதும் கையில் இருந்தது. அவர் மேசைமீது வைத்தது எதனை? 1965இல் எழுதிய அவர் படம் ஒன்றின் பெயர் ‘இனிய ரம்புத்தான்கள்’. நம் வீட்டுக் கொல்லையில் காய்த்து, பிள்ளைகள் பறித்துத் தின்று தோலை வீசி எறியும் அதே ரம்புத்தான்! சீனத்தார் தம் நிலவுப் பண்டிகைப் பணியாரத்தையும் இந்நாட்டுக் கனிகளையும் சட்டத்துள் ஏற்றிக்கொண்டனர். நம் பொங்கற்பானை மட்டும் வாழ்த்து அட்டையில் பொம்மையாய்ச் சிரிக்கின்றது. வாழ்த்து அட்டைப் பானைக்குப் பின்புறம் இல்லை, கனம் இல்லை, கரி இல்லை. அது பானையன்று, பானையின் பெயர்ப்பலகை.

மூன்றாவது எதிரி ஒருவர் இருக்கிறார். ‘எழுதுவோம் ஐயா, ஆனால் துணி கட்டுவது, பசை தடவுவது, தேய்ப்பது இவையெல்லாம் கூலி வேலை, கடையில் ஆயத்தமாய் விற்கும் மலிவுத் துணியை வாங்கிக்கொள்வோம்’ என்பார் அவர். இவரே மூவருள்ளும் பொல்லாதவர். கைவேலையை இழித்துக் கலையை உயர்த்துவது வேரை வெட்டிப் பூவுக்கு நீர் தெளிப்பதாகும். ஓவியத்தின் ஆயுள் அதன் அடியில் இருக்கின்றது. அஃதெவ்வாறெனின், கூறுவோம்.

நல்ல கித்தான் ஆளிச்செடியின் நாரால் நெய்யப்படுவது. வண்ணத்தைக் குழைக்கும் எண்ணெயோ அதே ஆளிச்செடியின் விதையில் பிழியப்படுவது. துணியும் எண்ணெயும் ஒரு வயிற்றுப் பிள்ளைகள். ஆயினும் இரண்டையும் நேரே சேர்த்தால் தமக்கையைத் தம்பி தின்றுவிடுவான். ஆளி எண்ணெய் தண்ணீர்போல் ஆவியாகிக் காய்வதில்லை. காற்றிலுள்ள பிராணவாயுவை உண்டு இறுகுகின்றது. இறுகும்போது பிறக்கும் புளிப்பு நாரை அரிக்கும். நாளடைவில் துணி கருகிய தாள்போல் நொறுங்கும். ஆகவே இருவருக்கும் இடையே சுவர் ஒன்று வேண்டும். அச்சுவரே பசைப்பூச்சு; அதன்மேல் வண்ணம் பற்றி நிற்க இடுவதே அடிப்பூச்சு. இவை கூலி வேலை என்றால், வீட்டுக்கு அடித்தளம் இடுவதும் கூலி வேலையே. அடித்தளம் வேண்டா என்பார் அவ்வீட்டில் தாமே குடியிருக்கட்டும்.

முறை இது. உலர்ந்து முற்றிய மரத்தில் 16 அங்குலமும் 20 அங்குலமுமாக ஒரு சட்டம் கூட்டுக. உள்விளிம்பைச் சரிவாக இழைத்துவிடுக. இல்லையேல் விளிம்பின் தடம் பின்னாளில் படத்தின் முகத்தில் தழும்பாய்த் தெரியும். மூலைக்கு மூலை குறுக்கே இரண்டு அளவும் ஒத்திருந்தால் சட்டம் சதுரம் பிழையாதது. துணியை 20க்கு 24 அங்குலமாக வெட்டுக. நாற்புறமும் 2 அங்குலம் மடிப்புக்கு வேண்டும். பாவும் ஊடும் சட்டத்தின் ஓரத்துக்கு நேராக ஓடவேண்டும்; கோணினால் படமும் கோணும். முதலாணி ஒரு நீளப்பக்கத்தின் நடுவில்; இரண்டாவது அதன் எதிர்ப்பக்க நடுவில், துணியை இழுத்துப் பிடித்து; அவ்வாறே குறும்பக்கங்கள் இரண்டிலும். பின்னர் நடுவிலிருந்து மூலை நோக்கி, எதிரெதிராக மாற்றி மாற்றி அடித்துச் செல்க. மூலையிலிருந்து தொடங்குவோன் சுருக்கத்தை வாங்கிக்கொள்வான். முடிந்தபின் விரலால் தட்டிப் பாருங்கள். காய்ச்சிய பறையின் தோல்போல் ஒலிக்கவேண்டும். தோலை இழுத்துக் கட்டிச் சுருதி கூட்டத் தெரிந்த சமூகத்துக்கு இவ்வேலையை யார் வந்து கற்பிக்க வேண்டும்?

பசையின் செய்தி இன்னும் முக்கியமானது. ஐரோப்பியர் வழக்கம் முயல்தோற்பசை. ஒரு பங்குக்கு 10 முதல் 15 பங்குவரை தண்ணீரில் இரவெல்லாம் ஊறவைத்து, மறுநாள் கொதிநீர்ப் பாத்திரத்துள் கலத்தை இறக்கிக் கொதிக்கவிடாமல் கரைத்துத் தடவுவர். இம்முறையை நூலில் படித்து இந்நாட்டில் அப்படியே செய்வது அறிவுடைமையாகாது. அப்பசை காற்றிலுள்ள ஈரத்தைக் குடித்து வீங்கும், உலர்ந்தால் சுருங்கும். ஈரப்பதம் நூற்றுக்கு 80க்கு மேல் போனால் வலுவிழந்து துணியைத் தளரவிடும். நம் நாட்டுக் காற்றோ விடியலில் பெரும்பாலும் அவ்வளவைத் தாண்டியே நிற்பது. நாள்தோறும் வீங்கியும் சுருங்கியும் இருக்கும் அடித்தளத்தின்மேல் இறுகிய வண்ணம் வெடிக்காமல் என் செய்யும்? போதாக்குறைக்குப் பூசணமும் ஏறும். ‘கஞ்சி போதுமே’ என்பாருக்கும் இதுவே விடை. கஞ்சியைப் பூசணமும் பூச்சியும் விருந்தாக உண்ணும். 1950களில் சந்தைக்கு வந்த அக்ரிலிக் பூச்சு இக்குறையைப் பெரும்பாலும் நீக்கியது. முதலில் அக்ரிலிக் பசை ஒரு பூச்சு. அதன்மேல் ஜெஸ்ஸோ எனப்படும் வெள்ளைப் பூச்சு மூன்று. ஒவ்வொன்றும் உலர்ந்தபின் மெல்லத் தேய்த்து, அடுத்ததைக் குறுக்கு வாட்டில் இடுக. மூன்று நாளாவது ஆறவிட்டபின்பே எண்ணெய் வண்ணம் தொடலாம். பழைய முறைச் சுண்ணமும் தோற்பசையும் கலந்த ஜெஸ்ஸோ பலகைக்கு உரியது. வளையும் துணியில் அது பிளக்கும். எண்ணெயின்மேல் அக்ரிலிக் இடுதல் ஒருக்காலும் கூடாது. அக்ரிலிக்மேல் எண்ணெய் தகும்.

நூலில் உள்ளதை நாட்டோடு பொருத்திப் பார்க்கவேண்டும் என்பதற்கு இன்னொரு சான்று. ‘வடக்குச் சன்னல் ஒளியில் எழுதுக, அங்கே வெயில் நேரே விழாது’ என்று மேனாட்டு நூல்கள் எல்லாம் ஓதும். ஐரோப்பாவில் அது மெய். கோலாலம்பூர் நிலநடுக்கோட்டுக்கு ஏறத்தாழ 3 பாகையும், சிங்கப்பூர் 1 பாகைக்குச் சற்று மேலும் வடக்கே உள்ளன. ஏப்ரல் தொடங்கிச் செப்டம்பர் நடுப்பகுதிவரை நண்பகற் சூரியன் இங்கே வடபுறத்தில் நிற்கின்றான். அந்நாளில் வடக்குச் சன்னலை நம்பி அமர்ந்தவன் மேசைமீது வெயில் விழும். காலையில் எழுதிய நிழல் மாலையில் பொய்யாகும். ஆதலின் காலத்துக்கேற்பச் சன்னலை மாற்றுக. அல்லது ஒரே பக்கத்திலிருந்து எரியும் ஒரு மின்விளக்கின் ஒளியில் எழுதுக. பகலெல்லாம் உழைத்து இரவில் மட்டும் ஓய்வு காண்போர்க்கு விளக்கொளியே ஏற்றது. அது இடம் பெயராது.

எழுதும் முறையிலும் ஒழுங்கு உண்டு. அழுகும் பொருளை முதலில் எழுதுக. ரம்புத்தான் இரண்டொரு நாளில் கறுத்துப்போம்; பித்தளைச் செம்பு காத்திருக்கும். முதற்பூச்சு மெலிந்திருக்கட்டும், மேற்பூச்சுகளில் எண்ணெய் கூடட்டும். எண்ணெய் மிகுந்ததன்மேல் எண்ணெய் குறைந்ததை இட்டால், மேலது முந்திக் காய்ந்து, கீழது பிந்தி அசைந்து, படம் வெடிக்கும். எண்ணெய் துடைத்த கந்தலைச் சுருட்டி மூலையில் எறியற்க. ஆளி எண்ணெய் இறுகும்போது சூடு பிறக்கும். சுருட்டிய கந்தல் தானே தீப்பற்றி வீட்டை எரித்ததுண்டு. தண்ணீரில் நனைத்து, விரித்துக் காயவிட்டு அகற்றுக. ஈயவெள்ளை நஞ்சு, பிள்ளைகள் உள்ள வீட்டில் அது வேண்டா, டைட்டேனிய வெள்ளை போதும். படத்தைச் சுவரோடு ஒட்டி மாட்டாமல், பின்புறம் காற்றோடத் தக்கைத் துண்டு வைத்து மாட்டுக.

இவ்வளவும் விரித்துக் கூறியது ஏனெனில், மறைத்து வைத்த வித்தையைத் திறந்து வைப்பதும் நம் கடமைகளுள் ஒன்று என்பதனால். இங்கே சொன்னவற்றுள் ஒரு தச்சனாலோ ஒரு தையற்காரியாலோ செய்யமுடியாதது எது? ஆணி அடிக்கவும், துணி இழுக்கவும், சுண்ணம் தடவவும் அறிந்த கைகள் நம்மிடம் இலட்சக்கணக்கில் உண்டு. கித்தாவால் பிழைத்த நமக்குக் கித்தான் அயற்பொருள் ஆகுமோ?

‘பணத்துக்கு எங்கே போவது?’ என்று ஒருவர் கேட்பார். 1888இல் ஆர்ல் என்னும் ஊரில் கோகன் என்ற ஓவியர் 20 மீட்டர் முரட்டுச் சணல் துணி வாங்கினார். அவரும் வான்கோவும் அச்சாக்குத்துணியிலேயே எழுதினர். சணல் நாளடைவில் நொறுங்கும் இயல்பினது; ஆதலின் அதனை நாம் பரிந்துரைக்கவில்லை. பருத்திக் கித்தான் மலிவு, அது போதும். வண்ணமும் பலபல வேண்டா. வெள்ளை, கறுப்பு, காவி மஞ்சள், செங்காவி ஆகிய நான்கு குழாய்கள் இருந்தால் மண்சட்டியும் பித்தளையும் மரப்பிடியும் எழுதி முடிக்கலாம். ஒரு திருமண விருந்தில் இலையில் மிஞ்சி வீணாகும் சோற்றின் விலையைவிட இது மிகாது.

‘கைப்பேசியில் ஒரு நொடியில் படம் பிடிக்கலாமே’ என்பார் இன்னொருவர். பிடிக்கலாம், பிடித்ததை மறுமுறை பார்த்ததுண்டோ? நொடியில் பிடித்ததை நொடியில் மறக்கிறோம். ஒரு செம்பை இருபது மணிநேரம் பார்த்து எழுதினவன், அதன் வாய் விளிம்பு ஒருபக்கம் நசுங்கியிருப்பதையும், அந்நசுங்கலில் சன்னலின் நிழல் வளைந்திருப்பதையும், துலக்கித் துலக்கி ஒரு கை தேய்த்த இடம் மற்ற இடத்தினும் வெளுத்திருப்பதையும் காண்பான். அந்தக் கை தன் தாயின் கை என்பதும் அவனுக்கு அப்போதே உறைக்கும். பழந்தமிழர் ஓவியரைக் கண்ணுள் வினைஞர் என்று அழைத்தனர். பிறர் கண்ணுள் தம் வினையை நிறுத்துவோர் அவர். பிறர் கண்ணுள் நிறுத்துமுன் தம் கண்ணுள் நிறுத்தவேண்டுமன்றோ?

இனிக் கடைசியாக ஒரு தடை. இதை எழுப்புவோர் நம் மதிப்புக்குரியோர், சமூகத் தொண்டர்கள். ‘பிள்ளைகளுக்குப் படிப்பில்லை, குடும்பத்துக்கு வீடில்லை, இந்நிலையில் சட்டிபானைக்குப் படம் எழுதவா சொல்கிறீர்?’ என்று அவர்கள் கேட்கின்றனர். கேள்வி நேர்மையானது. ஓவியம் பசி தீர்க்காது, வீடு கட்டாது, அப்படித் தீர்க்கும் என்று சொல்வோன் பொய்யன். ஆனால் நாம் திருப்பிக் கேட்கிறோம்: மலாயாவின் இரப்பர்க் காடுகளை வெட்டித் திருத்தி, விடியுமுன் பெரட்டுக்கு நின்று, தலைமுறை தலைமுறையாய்ப் பால் வெட்டிய மக்களின் வாழ்வுக்குக் கண்ணால் காணும் சான்று எங்கே? தோட்டங்கள் பல துண்டாடப்பட்டு விற்கப்பட்டன. இரப்பர் நின்ற இடத்தில் செம்பனை வந்தது. செம்பனை நின்ற இடங்கள் சிலவற்றில் வீடமைப்புத் திட்டம் வந்தது. லயங்கள் இடிந்தன, மக்கள் நகரத்து அடுக்குமாடிகளில் ஏறினர். ஏறும்போது காண்டாவாளி எங்கே போயிற்று? பழைய இரும்புக்காரனிடம் எடைக்குப் போயிற்று. மங்கு எங்கே? மண்ணில் புதைந்தது. கத்தி எங்கே? துரு தின்றது.

கணக்கெழுதும் நமக்கு இதன் பொருள் நன்கு தெரியும். தோட்டப் பேரேட்டைப் புரட்டினால் வாளி இத்தனை, மங்கு இத்தனை, கத்தி இத்தனை, உடைந்தது இத்தனை, கழித்தது இத்தனை என்று வரி வரியாய் இருக்கும். தொழிலாளியும் அவ்வாறே ஓர் எண்ணாய் இருப்பார். எண் உண்டு, உரு இல்லை. முதலாளிக்கு எண் போதும். அவனுக்கு வேண்டியது இருப்பும் செலவும். நமக்கும் எண் மட்டுமே போதுமென்றால், முதலாளியின் கண்ணாலேயே நம் பெற்றோரை நாம் பார்க்கிறோம் என்பது பொருள். பேரேட்டில் ‘பழுது, கழித்தது’ என்று எழுதப்பட்ட வாளி ஒன்றை ஒரு மகள் மேசைமீது ஏற்றி, ஒருபுறம் விளக்கை வைத்து, பறைபோல் இழுத்த துணியில் ஒரு மாதம் அமர்ந்து எழுதினால், அவ்வாளி கழிக்கப்பட்டது ஆகாது. படிப்பும் வீடும் கேட்டுப் போராடும் மக்களுக்குத் தம் மதிப்பு தமக்குத் தெரிந்திருத்தல் வேண்டும். தன் வீட்டுப் பொருளைப் பார்க்க வெட்கப்படுவோன் தன் உரிமையை எந்த முகத்தோடு கேட்பான்?

ஆகவே தமிழ்ச் சங்கத்தாருக்கும், பள்ளி ஆசிரியருக்கும், இளைஞர் மன்றத்தாருக்கும் நாம் விடுக்கும் வேண்டுகோள் இது. பொங்கல் விழாவிலும் ஆண்டு விழாவிலும் சித்திரப் போட்டி வைக்கிறீர்கள். பிள்ளைகளின் கையில் மயிலையும், கொடியையும், தலைவர் படத்தையும் கொடுத்து ‘இதைப் பார்த்து வரைக’ என்கிறீர்கள். படத்தைப் பார்த்துப் படம் வரைவது பிறன் கண்ணை இரவல் வாங்குவது. இனி ஒரு பரிசையேனும் வேறுவிதமாய் வையுங்கள். ‘உன் வீட்டுப் பொருள் ஒன்றை மேசைமீது வைத்து, அதைப் பார்த்து எழுது’ என்று சொல்லுங்கள். தச்சுவேலை அறிந்த பெரியவர் ஒருவரை அழைத்துச் சட்டம் கூட்டக் கற்பியுங்கள். சட்டம் கூட்டிய பிள்ளைக்கும் பரிசு கொடுங்கள். எழுதிய பிள்ளைக்கு மட்டும் கொடுத்தால் ஃபெலிபியனின் ஏணியை நீங்களே மீண்டும் நட்டவர் ஆவீர்.

தோழர்காள்! உங்கள் இல்லத்தில் எஞ்சியிருக்கும் மங்கும் வாளியும் கத்தியும் எவை என்று இன்றிரவே தேடிப் பாருங்கள். பழைய இரும்புக்காரன் வரும் நாளுக்கு முன் தேடுங்கள். அவன் எடை போட்டுப் பார்ப்பான். நீங்கள் கண் போட்டுப் பாருங்கள்.